பிபிசி மைக்ரோ: பட்டறைக் குறிப்புகள்

பழைய கணினியின் வயதை அறிய லேபிளை மட்டும் பார்த்தால் போதாது, சிப்புகளைப் படிக்க வேண்டும். பெரும்பாலான சிப்புகளின் முதுகில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். முதல் இரண்டும் ஆண்டு, அடுத்த இரண்டும் வாரம். 8447 என்றால் 1984-ஆம் ஆண்டின் 47-ஆவது வாரம். பிறகு மாற்றியவை போக, போர்டில் இருப்பவற்றிலேயே பிந்திய எண் எதுவோ, அந்த வாரத்துக்கு முன்னால் அந்தக் கணினியைக் கோத்திருக்க முடியாது.

என் சேகரிப்பில் உள்ள பிபிசி மைக்ரோவில் ஏறக்குறைய எல்லாச் சிப்பும் 1984-இன் பிற்பாதி. ஒன்று மட்டும் 1987. பிரிண்டரையும் வெளிக்கருவிகளையும் கவனிக்கும் 6522 சிப் அது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைச் செருகுவது, பிடுங்குவது என்று இருந்தால் முதலில் சாவது அதுதான். போர்டின் அடிப்பக்கம் அதன் நாற்பது கால்களைச் சுற்றியும் கையால் பற்றவைத்த ஈயம் தெரிகிறது. அளவாக, சுத்தமாக, ஒரு காலிலும் ஈயம் வழியாமல் செய்த வேலை. யாரோ ஒரு மெக்கானிக் அக்கறையோடு உட்கார்ந்து செய்திருக்கிறார். அப்படியானால் 1987-க்குப் பிறகும் இந்தக் கணினி யாருக்கோ தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு இந்தத் தடயம் பெரிது.

*

விசைகளும் பேசும். ஸ்பேஸ் பாரும் ரிட்டர்னும் வழவழவென்று மின்னுகின்றன. சிவப்பு நிற ஃபங்ஷன் விசைகள் பத்தும் புத்தம் புதிதாக இருக்கின்றன. ‘காப்பி’ என்ற விசையில் தேய்மானமே இல்லை. இந்தக் கணினியில் தவறான வரியைத் திருத்த, அம்பு விசைகளால் பழைய வரிக்குப் போய், காப்பி விசையை அழுத்திச் சரியான எழுத்துகளைக் கீழே கொண்டுவரலாம். அருமையான வசதி. அதைச் சொல்லித்தர ஆளில்லாமல், பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் முழு வரியையும் மறுபடி அடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

*

பிறந்த கதை. 1978-இல் பிபிசி தொலைக்காட்சி, மைக்ரோசிப் வந்தால் பிரிட்டனில் எத்தனை பேருக்கு வேலை போகும் என்று ஓர் ஆவணப்படம் காட்டியது. நாடு பதறிப்போனது. அந்தப் பதற்றத்துக்குப் பதிலாக பிபிசி எடுத்த முடிவு, எல்லோருக்கும் கணினி சொல்லிக்கொடுப்பது. தொடர் நிகழ்ச்சி, புத்தகம், அவற்றோடு ஒரு கணினி. கணினியின் வரையறையை ஒளிபரப்பு நிறுவனமே எழுதியது: ஒழுங்கான விசைப்பலகை வேண்டும், நல்ல பேசிக் மொழி வேண்டும், வண்ணம், ஒலி, பின்னால் இணைத்துக்கொள்ள வழி எல்லாம் வேண்டும். முதலில் நியூபெரி நிறுவனத்தின் நியூபிரைன் என்ற கணினியை நினைத்திருந்தார்கள், அது தயாராகவில்லை. கிளைவ் சின்க்ளேர் தன் கணினியை எடுத்துக்கொண்டு வந்தார். கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற சின்ன கம்பெனியும் போட்டியில் நின்றது.

ஏகார்னை 1978-இல் தொடங்கியவர்கள் இருவர்: ஆஸ்திரியாக்காரர் ஹெர்மன் ஹவுசர், சின்க்ளேரிடம் வேலை பார்த்த கிறிஸ் கரி. பிபிசி ஆட்கள் பார்வையிட வரும்போது காட்டுவதற்கு அவர்களிடம் புதிய கணினி எதுவும் இல்லை. கைவசம் இருந்தது ‘புரோட்டான்’ என்ற யோசனை மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஹவுசர், தங்களுக்குக் கணினி வடிவமைத்துக் கொடுத்த இருவரில் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பருக்கு போன் போட்டு, ஒரு வாரத்தில் செய்ய முடியும் என்று மற்றவரான சோஃபி வில்சன் சொல்வதாகச் சொன்னார். வில்சனுக்குப் போட்டு, ஃபர்பர் சொல்வதாகச் சொன்னார். இருவரும் மாட்டிக்கொண்டார்கள். திங்களன்று வேலை தொடங்கியது. ராம் பானர்ஜி என்ற பொறியாளர் நூற்றுக்கணக்கான கம்பிகளைப் பின்களில் சுற்றி இணைத்தார். அந்த வட்டாரத்தில் அவ்வளவு வேகமாகச் சுற்றுகிற கை வேறு இல்லை என்று ஹவுசர் பின்னாளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளி விடிகாலை வரை அது உயிர் பெறவில்லை. சோதனைக் கருவிக்கும் போர்டுக்கும் நடுவே கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோன கம்பியை அறுத்துவிடச் சொன்னார் ஹவுசர். அறுத்தார்கள், ஓடியது. அன்று பிபிசி ஆட்கள் வந்தபோது அதில் பேசிக் ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் ஏகார்னுக்குப் போயிற்று.

*

1981 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. மாடல் ஏ 235 பவுண்டு, மாடல் பி 335 பவுண்டு. சில மாதங்களில் 299, 399 ஆக உயர்ந்தது. அதே காலத்தில் சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டுக்குக் கிடைத்தது. கூலி வேலை செய்பவர் வீட்டுக்கு ஸ்பெக்ட்ரம்தான் போயிற்று, அது அந்தக் கணினியின் பெருமை. பிபிசி மைக்ரோ பள்ளிக்குப் போனது, ஏனென்றால் பாதி விலையை அரசாங்கம் கொடுத்தது. முதலில் பன்னிரண்டாயிரம் விற்றால் போதும் என்று கணக்குப் போட்டவர்கள், கடைசியில் பதினைந்து லட்சத்துக்கும் மேல் விற்றார்கள்.

*

உள்ளே இருப்பது 2 மெகாஹெர்ட்ஸ் 6502 செயலி. மாடல் பி-யில் நினைவகம் 32 கேபி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதில் அடங்காது. ஆனாலும் அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளில் இதன் வேகம் தனி. காரணம் ஃபர்பரும் வில்சனும் செய்த ஓர் ஏற்பாடு. நினைவகச் சிப்புகள் 4 மெகாஹெர்ட்ஸில் ஓடின. ஒரே கிணற்றில் இருவர் மாறி மாறி நீர் இறைப்பதுபோல, ஒரு துடிப்பில் செயலி, அடுத்த துடிப்பில் திரை. ஒருவருக்காக மற்றவர் நிற்க வேண்டியதில்லை. மற்ற பல கணினிகளில் திரை வரையும் நேரத்தில் செயலி காத்துக் கிடக்கும்.

படத்தின் தரத்தைக் கூட்டினால் 32 கேபியில் 20 கேபியைத் திரையே தின்றுவிடும். மிச்சத்தில் கணினி தனக்கு எடுத்துக்கொள்வது போக, நமக்குக் கிடைப்பது ஒன்பது கேபிக்கும் குறைவு. இந்த 32 கேபி நெருக்கடியில்தான் 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் ‘எலைட்’ விளையாட்டை எழுதினார்கள். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். ஒரு கோளின் பெயரைக்கூடச் சேமித்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் தேவைப்படும்போது கணக்குப் போட்டே உண்டாக்கினார்கள்.

*

அதன் பேசிக் மொழியைப் பற்றி எழுதாமல் விட முடியாது. சோஃபி வில்சன் எழுதியது. மற்ற கணினிகளின் பேசிக்கில் ‘கோடூ’ போட்டு நிரல் எங்கெங்கோ தாவும், படிக்க முடியாது. இதில் ஒரு வேலைக்குப் பெயர் வைத்து, தனியே எழுதி, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். உள்ளே தனக்கென்று மாறிகளை வைத்துக்கொள்ளலாம். பேசிக் வரிகளுக்கு நடுவே சதுர அடைப்புக்குறி போட்டு, செயலியின் சொந்த மொழியிலேயே எழுதலாம். ஒரு பிள்ளை முதல் நாள் ‘பிரிண்ட்’ அடித்த அதே இடத்தில் இருந்து, வேறெதையும் வாங்காமல், சிப்பின் அடிமட்டம் வரை போகலாம்.

பிரேக் விசையைத் தெரியாமல் தட்டினால் எழுதியது காணாமல் போகும். பயப்பட வேண்டாம், ‘ஓல்டு’ என்று அடித்தால் திரும்பி வரும். கற்பவர் தடுமாறுவார் என்று முன்கூட்டியே நினைத்து ஒருவர் இதைச் சேர்த்திருக்கிறார். கணினியோடு வந்த தடித்த கையேடு ஜான் கோல் எழுதியது. நினைவகத்தில் எந்த முகவரியில் என்ன இருக்கிறது, பின்புறச் சாக்கெட்டில் எந்தப் பின்னில் எது வருகிறது, எல்லாம் அதில் இருக்கிறது. எதையும் மறைக்கவில்லை. இந்தக் கணினியை நான் இவ்வளவு நேசிப்பதற்குக் காரணம் கேட்டால் அதைத்தான் சொல்வேன். என் மேசையில் இருக்கும் இன்றைய லேப்டாப்பைத் திறக்கவே தனி ஸ்குரூ டிரைவர் தேவை. உள்ளே இருப்பதற்கு விளக்கம் தரும் புத்தகம் எந்தக் கடையிலும் இல்லை.

*

இந்தியாவுக்கு வந்த வழி. 1984-85இல் மத்திய மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. பள்ளிகளில் கணினி அறிவு தருவது நோக்கம். முதல் கட்டத்தில் சுமார் 250 பள்ளிகள். தேர்ந்தெடுத்த கணினி பிபிசி மைக்ரோ. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் லிமிடெட் அதை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. ஹோப் கம்ப்யூட்டர்ஸ் என்ற இன்னொரு கம்பெனி ‘டால்ஃபின்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் ஃபங்ஷன் விசைகள் நீல நிறம். டால்ஃபின் ஒன்றை நேரில் பார்க்க இன்னும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மொகாலி நிறுவனத்தின் சிப் ஆலை 1989-இல் தீயில் அழிந்தது. அந்த இழப்பைப் பற்றி நாம் போதிய அளவு பேசியதே இல்லை.

என்னிடம் உள்ளது ஒரு பள்ளியின் கழிவுப் பொருள் ஏலத்தில் வந்தது. மூடியின் அடியில் வெள்ளை பெயின்ட்டில் ஸ்டாக் எண். உடன் வந்த அட்டைப்பெட்டியில் கேசட்டுகள், கையேடு. கையேட்டின் ஓரங்களில் பென்சில் குறிப்புகள். சைன் வளைவு வரையும் நிரல் வரும் பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கிக் கிடக்கிறது.

*

கிளாஸ் திட்டத்தில் பயிற்சி பெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் பேசினேன். ஓய்வு பெற்று வெகு நாளாயிற்று.

“வாரத்துக்கு ஒரு பீரியடுதான் தம்பி. ஒரு மிஷினுக்கு நாலஞ்சு பிள்ளைங்க. ஒருத்தன் அடிப்பான், மத்தவங்க எட்டி எட்டிப் பாப்பாங்க. கேசட்ல போடறதுக்குள்ள கரண்டு போயிடும். அவ்வளவுதான், எழுதின எல்லாம் போச்சு.”

“செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள விடுவாங்களா சார்?”

“பின்னே? தூசி ஆகாதுன்னு ரூல். சாயங்காலம் ஆனா நானே துணி போட்டு மூடிப் பூட்டிட்டுப் போவேன். ரிப்பேர் ஆச்சுன்னா நம்ம தலையில விழுமேன்னு பயம். மூடியைக் கழட்டிப் பாக்கணும்னு எனக்கும் ஆசைதான் தம்பி. யாரு பொறுப்பேத்துக்கறது?”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சில வாரப் பயிற்சி கொடுத்து, விலை உயர்ந்த அரசுச் சொத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் எந்த ஆசிரியரும் பூட்டத்தான் செய்வார். மென்பொருளும் முதலில் பிரிட்டனில் இருந்தே வந்தது. நம் பாடத்திட்டத்தோடு அது ஒட்டவில்லை. கேம்பிரிட்ஜில் திறந்து பார்க்கவென்றே செய்த கணினி, இங்கே திறக்கக் கூடாத பொருளாகிவிட்டது. வந்த கணினிகளில் பாதி கெட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகள் கையில் விட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

*

பவர் சப்ளை. இதைத் தனியாக எழுதுகிறேன், படிப்பவர் கையில் இப்படி ஒன்று கிடைத்தால் உதவும். மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று இருக்கும். மஞ்சளாக, கண்ணாடிபோல உட்புறம் தெரியும் உறை, மேலே ரிஃபா என்ற பெயர். உள்ளே காகிதச் சுற்று. ஆண்டுகள் போகப் போக உறையில் மயிரிழை விரிசல்கள் விழும். அதன் வழியாகக் காற்றின் ஈரம் காகிதத்துக்குள் இறங்கும். பிறகு என்றாவது 230 வோல்ட் கொடுத்தால் சில நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டுப் படாரென்று வெடித்து, அறை முழுக்க நாற்றமடிக்கும் வெள்ளைப் புகை. மற்ற பாகங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் பார்ப்பவர் பயந்துபோய்க் கணினியையே தூக்கிப் போட்டுவிடுவார்.

என்னுடையதில் விரிசல்கள் பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிந்தன. எக்ஸ்-2 வகை, 275 வோல்ட் ஏசி என்று எழுதியதை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி மாற்றினேன். விலை ஒரு டீக்காசு. அதன் பக்கத்திலேயே 0.01 மைக்ரோஃபாரட்டில் சிறியது ஒன்று இருக்கும், அதையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். பிறகு போர்டோடு இணைக்காமல் மல்டிமீட்டரில் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

*

ஸ்விட்ச் போட்டதும் இந்தக் கணினி இரண்டு ஒலி எழுப்பும். தாழ்ந்த தொனியில் ஒன்று, உடனே உயர்ந்த தொனியில் ஒரு பீப். அனுபவப்பட்டவருக்கு அதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். மின்சாரம் கிடைத்த கணமே ஒலிச் சிப் தானாகக் கத்தத் தொடங்கும். அதை அடக்கி, பீப் அடிக்க வைப்பது ரோம் சிப்பில் இருக்கும் இயக்க நிரல். தாழ்ந்த ஒலி நிற்காமல் ஓடினால் அந்த நிரல் ஓடவில்லை என்று பொருள்.

என்னுடையது நிற்காமல் கத்தியது. ரோம் சிப்புகளை மெல்ல நெம்பி எடுத்தேன். வெள்ளிப் பூச்சுக் கால்கள் கறுத்துப் போயிருந்தன. ஃபைபர் பேனாவால் ஒவ்வொரு காலாகத் தேய்த்து, சாக்கெட்டில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, திரும்பச் செருகினேன். அடுத்த தடவை இரண்டாவது பீப் வந்தது. திரையில் கணினியின் பெயர், பேசிக், ஓர் அம்புக்குறி. நிரலை எதிர்பார்த்து நிற்கும் அந்த ஒற்றை அம்புக்குறியைத் தவிர அதில் வேறு முகப்பு கிடையாது.

*

தமிழ். இந்தக் கணினியில் எழுத்துருவை நாமே வரையலாம். ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம். கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, நிரப்பியதற்கு 1, விட்டதற்கு 0, ஒரு வரிசைக்கு ஓர் எண். ‘ட’ மிகச் சுலபம்: ஆறு வரிசைக்கு 128, அடுத்தது 254, கடைசி 0. ‘ப’ என்றால் ஆறு வரிசைக்கு 130, பிறகு 254, 0. இதை ‘விடியு 23’ என்ற கட்டளைக்குக் கொடுத்தால் திரையில் எழுத்து வந்துவிடும்.

இதற்கென்று சும்மா கிடைப்பது 32 இடங்கள். உயிர் 12, புள்ளியில்லாத மெய் உருக்கள் 18, ஆய்தம் 1. மொத்தம் 31. ஓர் இடம் மிச்சம்! அதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஆனால் கால், கொம்பு, விசிறி என்று வந்ததும் இடம் போதாது. ‘எஃப்எக்ஸ் 20’ கட்டளை கொடுத்து நினைவகத்தில் இன்னும் இடம் பிடிக்க வேண்டும். ‘ண’வும் ‘ஐ’யும் எட்டுக் கட்ட அகலத்தில் நசுங்குகின்றன, அவற்றுக்கு இரண்டு கட்டங்களை ஒட்ட வேண்டும். ‘ழ’வுக்கு வால் போடக் கடைசி வரிசையையும் எடுத்துக்கொண்டேன், அதனால் கீழ் வரியின் தலையில் இடிக்கிறது. ‘ஈ’ மட்டும் பார்க்க அழகாக வந்திருக்கிறது. 1985-இலேயே ஒரு தமிழாசிரியரும் ஒரு கணக்கு வாத்தியாரும் ஒரு கட்ட நோட்டும் சேர்ந்திருந்தால் நம் பள்ளிக்கூடத் திரைகளில் இதைச் செய்திருக்கலாம். இதற்கு வேண்டிய எல்லாம் அந்தக் கையேட்டிலேயே இருந்தது.

*

ஏகார்ன் அடுத்த செயலியைத் தேடியபோது வில்சனும் ஃபர்பரும் 6502-இன் வாரிசைச் செய்துகொண்டிருந்த வெஸ்டர்ன் டிசைன் சென்டரைப் பார்க்க அரிசோனாவுக்குப் போனார்கள். பெரிய தொழிற்சாலையை எதிர்பார்த்துப் போனவர்கள் கண்டது ஒரு சாதாரண வீட்டையும் சில மாணவர்களையும். இவர்களால் சிப் வடிவமைக்க முடியும் என்றால் நம்மாலும் முடியும் என்று திரும்பினார்கள். புதிய செயலி எப்படி நடந்துகொள்ளும் என்பதை வில்சன் பிபிசி பேசிக்கிலேயே எழுதிச் சோதித்தார். 1985 ஏப்ரல் 26 அன்று, ஏஆர்எம் என்று பெயரிட்ட அந்தச் செயலியின் முதல் சிப் கைக்கு வந்தது. அதை ஒரு பிபிசி மைக்ரோவின் அடிப்புறத்தில் ‘டியூப்’ என்ற இணைப்பில் மாட்டினார்கள். முதல் முயற்சியிலேயே ஓடியது. இரண்டாம் செயலிக்காக அந்தச் சாக்கெட்டை 1981-இலேயே விட்டுவைத்திருந்தார்கள். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று ஃபர்பர் மீட்டரை வைத்தபோது அது சுழியைக் காட்டியது. மின் இணைப்பே கொடுக்காமல், மற்ற கம்பிகளில் கசிந்து வந்த சொற்ப மின்சாரத்திலேயே சிப் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் போனில் இருப்பது அந்த வழியில் வந்த செயலிதான்.

*

கேசட்டுகள். இவற்றைத்தான் அவசரமாகக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் விளையாட்டுகளும் பாடங்களும் உலகத்தில் எங்காவது பத்திரமாக இருக்கின்றன. நம் ஆசிரியர்களும் பிள்ளைகளும் எழுதியவை அந்தந்தப் பள்ளிக் கேசட்டில் மட்டும் இருக்கின்றன. என்னிடம் வந்தவற்றில் ஒன்றில் நீல மையில் ‘பெருக்கல் வாய்ப்பாடு, எட்டாம் வகுப்பு’ என்று எழுதியிருந்தது. சுழலவிட்டபோது திரையில் பகுதி எண்கள் ஒவ்வொன்றாக ஏறின, ஒரு பகுதியில் பிழை வந்து ‘ரீவைண்ட் டேப்’ என்று நின்றது. டேப் ரெக்கார்டரின் தலையைத் துடைத்து, அதன் சாய்வைச் சிறிது திருப்பி மறுபடி ஓட்டியதில் முழுதாக வந்தது. நாடாவில் இருப்பது இரண்டே ஒலிகள், 1200 ஹெர்ட்ஸ், 2400 ஹெர்ட்ஸ். பூசணம் பிடிக்காதவரை மீட்கலாம்.

ஆகவே உங்கள் ஊர்ப் பள்ளியின் ஸ்டோர் ரூமில் சிவப்பு விசைகள் உள்ள வெளிர்மஞ்சள் கணினி ஒன்று கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட விடாதீர்கள். பிளக்கில் செருகியும் பார்க்காதீர்கள், முதலில் அந்த மஞ்சள் கப்பாசிட்டரை மாற்ற வேண்டும். பக்கத்தில் கேசட் பெட்டி இருந்தால் கணினியைவிட அதை முதலில் எடுத்து வையுங்கள். ஒரு நல்ல டேப் ரெக்கார்டரில் ஓட்டி, சுருக்காத ஒலிக்கோப்பாகப் பதிந்துவைத்தால் போதும். மற்றதைப் பிறகு யாராவது செய்துகொள்ளலாம்.